ஹாலோவீன் வீட்டு அலங்காரம்: குறைந்த செலவில் வளர்ந்த ஒரு வழக்கத்தின் வரலாறு

ஹாலோவீன் என்பது ஆண்டுதோறும் அக்டோபர் 31-ஆம் நாள் மாலையில் கொண்டாடப்படும் விழாவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, அயர்லாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளில் இது பரவலாக நடைபெறுகிறது. முகம் செதுக்கிய பரங்கிக்காய்க்குள் விளக்கேற்றி வாசலில் வைப்பதும், பேய், வௌவால், எலும்புக்கூடு போன்ற உருவங்களால் வீட்டை அலங்கரிப்பதும், வேடமிட்ட சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று இனிப்பு பெறுவதும் இவ்விழாவின் அடையாளங்கள் ஆகும்.

இன்று இந்த அலங்காரம் பெரும் வணிகமாக வளர்ந்துள்ளது. எனினும் இதன் வரலாற்றைப் பார்த்தால், அது வசதி படைத்தோர் தொடங்கி வைத்த வழக்கம் அன்று என்பது தெளிவாகும். வயலில் மலிவாகக் கிடைத்த கிழங்கு, அறுவடைக்குப் பின் எஞ்சிய சோளத்தட்டை, பழைய படுக்கை விரிப்பு, சில சென்டுகளுக்குக் கிடைத்த வண்ணத்தாள் ஆகியவற்றைக் கொண்டே இது வளர்ந்தது. கைப்பணம் குறைந்த காலங்களில்தான் இவ்வழக்கம் புதிய வடிவங்களைப் பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

பெயரும் நாளும்

கிறித்தவ மரபில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள் ஆகும். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி உரோமையில் அனைத்துப் புனிதர்களுக்காக ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் இத்திருநாள் மேற்கு ஐரோப்பாவில் பரவலாயிற்று. இதற்கு மறுநாளான நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள் ஆகும். புனிதர் திருநாளுக்கு முந்தைய மாலை என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரே சுருங்கி ஹாலோவீன் ஆயிற்று.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் இதே காலத்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதைக் குறிக்கும் சவின் என்ற பழைய விழாவும் இருந்தது. மலைமேய்ச்சலில் இருந்த மாடுகளை ஊருக்கு ஓட்டி வரும் காலம் அது. அந்த இரவில் மறுவுலகத்தின் வாயில் திறந்திருக்கும் என்று மக்கள் நம்பினர். இரண்டு விழாக்களுக்கும் இடையே எவ்வளவு தொடர்பு உண்டு என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் அறுவடை, இருள், இறந்தோர் நினைவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டன. பிற்கால அலங்காரப் பொருள்கள் அனைத்தும் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைச் சுட்டுவதைக் காணலாம்.

டர்னிப் விளக்கு

ஹாலோவீன் விளக்கு முதலில் பரங்கிக்காயில் செய்யப்பட்டதன்று. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து, அதில் கண், மூக்கு, பல் செதுக்கி, உள்ளே மெழுகுவர்த்தித் துண்டையோ தணலையோ வைத்தனர். டர்னிப் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து கால்நடைத் தீவனமாகப் பெருமளவில் பயிரிடப்பட்டது. ஏழைக் குடியானவர் வீட்டிலும் அது கிடைத்தது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் என்ற ஊரில், அக்டோபர் மாதக் கடைசி வியாழக்கிழமையன்று, மாட்டுத் தீவனமான ஒருவகைப் பீட்ரூட் கிழங்கில் விளக்கு செய்து சிறுவர்கள் ஊர்வலம் செல்லும் வழக்கம் உண்டு. இது பங்கி இரவு எனப்படுகிறது.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் டர்லோ பார்க் என்ற இடத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்வியல் பிரிவில் டர்னிப் விளக்கு ஒன்றின் சாந்து வார்ப்பு உள்ளது. டொனகல் மாவட்டத்தின் ஃபின்டவுன் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியை 1943-இல் அளித்தது அது. பொக்கை வாயும் சுருங்கிய முகமும் கொண்ட அந்த உருவம், இன்றைய சிரிக்கும் பரங்கிக்காயைவிட அச்சம் தருவதாக இருக்கிறது. கிழங்கு அழுகிவிடும், அதனால்தான் அதன் வார்ப்பு பாதுகாக்கப்படுகிறது. ஓர் இரவுக்காகச் செய்து மறுநாள் எறியப்பட்ட பொருளானதால், இவ்வகை விளக்குகளின் பழைய சான்றுகள் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன.

இவ்விளக்குக்கு ஜாக்-ஓ-லான்டர்ன் என்று பெயர். சொர்க்கத்திலும் நரகத்திலும் இடம் கிடைக்காமல், கையில் தணல் வைத்த கிழங்குடன் அலையும் ஜாக் என்ற கஞ்சனைப் பற்றி அயர்லாந்தில் ஒரு நாட்டுப்புறக் கதை வழங்குகிறது. ஆனால் இச்சொல் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இரவுக் காவலரையும், சதுப்பு நிலத்தில் தோன்றும் கொள்ளிவாய்ப் பிசாசு ஒளியையும் குறித்தது. காய்கறி விளக்குக்கு அப்பெயர் பின்னரே வந்தது.

கிழங்கிலிருந்து பரங்கிக்காய்க்கு

1845 முதல் 1852 வரை அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்ததால் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களில் பெரும்பாலோர் வட அமெரிக்காவில் குடியேறினர். உடைமை அதிகம் கொண்டு செல்ல முடியாத அம்மக்களுடன் அவர்களது பண்டிகை வழக்கங்களும் சென்றன. முன்பே குடியேறியிருந்த ஸ்காட்லாந்து மக்களும் இவ்விழாவை அறிந்திருந்தனர்.

அமெரிக்காவில் அவர்கள் கண்டது பரங்கிக்காய். இது அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய பயிர். மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த விதைகள், இவ்வினம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கப்பட்டதைக் காட்டுகின்றன. ஐரோப்பியர் வழியே பிற நாடுகளுக்குப் பரவிய காய் இது. தமிழில் ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்ற சொல் இதன் பெயரில் இருப்பதும் அந்த வரவை நினைவூட்டுகிறது.

அமெரிக்கக் குடியானவர்கள் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகப் பரங்கியை விளைவித்தனர். விளைச்சல் மிகுதி, விலை குறைவு. மனிதர் உண்டதுபோக மிச்சம் மாட்டுக்குப் போயிற்று. டர்னிப் கடினமானது, சிறியது. பரங்கியோ பெரியது, உள்ளே பெரும்பகுதி வெற்றிடம், கத்திக்கு இலகுவானது. எனவே விளக்கு செய்வதற்கு அதுவே ஏற்றதாயிற்று.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சிறுவர்கள் பரங்கியில் முகம் செதுக்கியது ஹாலோவீனுக்காக மட்டும் அன்று. 1807-இல் பிறந்த கவிஞர் ஜான் கிரீன்லீஃப் விட்டியர், தம் சிறுவயதில் பரங்கித் தோலில் முகம் வெட்டி மெழுகுவர்த்தி வைத்ததை ஒரு கவிதையில் நினைவுகூர்கிறார். அக்கவிதை நன்றியறிதல் நாளைப் பற்றியது. அதுபோலவே 1820-இல் வெளியான வாஷிங்டன் இர்விங்கின் தலையற்ற குதிரைவீரன் கதையில் உடைந்த பரங்கிக்காய் ஒன்று வருகிறது. ஆனால் கதையில் ஹாலோவீன் பற்றிய பேச்சே இல்லை. இலையுதிர்காலத்துக்குப் பொதுவாக இருந்த பரங்கி விளக்கு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஹாலோவீனுக்கே உரியதாயிற்று.

கிரேப் தாளும் அட்டை உருவங்களும்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மகளிர் இதழ்கள் ஹாலோவீனை வீட்டு விருந்தாக எடுத்துரைத்தன. சோளத்தட்டைக் கட்டுகள், ஆப்பிள், உதிர்ந்த இலைகள், பரங்கிக்காய் ஆகியவையே அவை பரிந்துரைத்த அலங்காரம். இவற்றுள் பெரும்பாலானவை தோட்டத்திலிருந்தே கிடைத்தன. அறுவடையின் செம்மஞ்சளும் இருளின் கருப்பும் இவ்விழாவின் நிறங்களாக நிலைபெற்றன.

நகரத்துக் குடும்பங்களுக்குச் சோளக்கொல்லை கிடையாது. அவர்களுக்குக் காகிதம் கைகொடுத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காமில் இயங்கிய டென்னிசன் நிறுவனம், இழுத்தால் விரியும் சுருக்கங்களைக் கொண்ட கிரேப் தாளை விற்றது. அத்தாளை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்பிக்க, 1909-இல் போகீ புக் என்ற சிறு கையேட்டை வெளியிட்டது. பூச்சாண்டிப் புத்தகம் என்பது இதன் பொருள். தமிழரின் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1912 முதல் 1930-களின் நடுப்பகுதி வரை இக்கையேடு ஏறத்தாழ ஆண்டுதோறும் வெளிவந்தது. மேசை விரிப்பு, விளக்குக் கூண்டு, சன்னல் ஓரம், உடை ஆகிய அனைத்தையும் தாளிலேயே செய்யும் முறைகள் அதில் இருந்தன. தாளை விற்பதே நிறுவனத்தின் நோக்கம். ஆயினும் குறைந்த செலவில் கூடத்தை மாற்றியமைக்கும் பயிற்சியை அது பல குடும்பங்களுக்குத் தந்தது.

ஜெர்மனியிலிருந்து காகிதக் கூழ் விளக்குகளும் புடைப்பு அட்டை உருவங்களும் இறக்குமதியாயின. பென்சில்வேனியாவின் பைசில் நிறுவனம் 1920-களில் ஹாலோவீன் பொருள்களைத் தயாரிக்கத் தொடங்கியது. தேன்கூடு போல விரியும் மெல்லிய தாள் வேலைப்பாடும், கைகால் அசையும் அட்டை எலும்புக்கூடும் மடித்து வைத்து மறு ஆண்டும் பயன்படுத்தத்தக்கவை. அன்று எளியோர் வாங்கிய அப்பொருள்களை இன்று பழம்பொருள் சேகரிப்போர் மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர்.

பொருளாதார மந்தக் காலம்

ஹாலோவீனுக்கு மற்றொரு முகமும் இருந்தது. அன்றிரவு இளைஞர்கள் குறும்பு செய்வது பழைய வழக்கம். வேலிக் கதவைக் கழற்றுவது, சன்னலில் சோப்புத் தேய்ப்பது, மாடுகளை அவிழ்த்துவிடுவது என்று அது நடந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் அனோகா நகரில், காலையில் எழுந்தால் கடைத்தெருவில் மாடுகள் திரிவதைக் கண்ட ஊரார், 1920-இல் சிறுவர்களுக்காக ஓர் ஊர்வலத்தை ஏற்பாடு செய்தனர். இன்றும் அவ்வூர் தன்னை உலகின் ஹாலோவீன் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது.

1929-க்குப் பின் வந்த பெரும் பொருளாதார மந்தத்தில் இக்குறும்பு கடுமையாயிற்று. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தார். அந்த ஆண்டு ஹாலோவீன் இரவில் பல நகரங்களில் கார்கள் கவிழ்க்கப்பட்டன. தந்திக் கம்பங்கள் அறுக்கப்பட்டன. தீயணைப்புக் குழாய்கள் திறந்துவிடப்பட்டன. அவ்விரவைக் கருப்பு ஹாலோவீன் என்று குறிப்பிடுவதுண்டு. விழாவையே தடை செய்யலாமா என்று சில ஊர்கள் எண்ணின.

பல ஊர்கள் வேறு வழியைத் தேர்ந்தன. பிள்ளைகளைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் அழைப்பதே அவ்வழி. ஆனால் ஒரு குடும்பம் தனித்து விருந்து வைக்க அப்போது வசதி போதாது. எனவே ஒரு தெருவின் வீடுகள் செலவைப் பகிர்ந்துகொண்டன. முதல் வீட்டில் வேடம், அடுத்த வீட்டில் விளையாட்டு, அதற்கடுத்த வீட்டின் நிலவறையில் பேய் வழி, கடைசி வீட்டில் தின்பண்டம் என்று சிறுவர் குழு நகர்ந்தது.

1937-இல் வெளியான ஒரு விருந்துக் கையேடு அந்தப் பேய் வழியை விளக்குகிறது. இருட்டில் சுவரைத் தடவி நடக்கும் பிள்ளையின் கையில் பழைய கம்பளித் தோல் படும்; பச்சை ஈரல் துண்டு படும்; மேலிருந்து தொங்கும் ஈரப் பஞ்சும் கூந்தல் வலையும் முகத்தில் உரசும். இவை அனைத்தும் வீட்டிலேயே இருந்த பொருள்கள். இருட்டுக்குக் காசு வேண்டியதில்லை என்பதை அக்காலப் பெற்றோர் நன்கு அறிந்திருந்தனர். இன்று கட்டணம் பெற்று நடத்தப்படும் பேய் வீடுகளின் முன்னோடிகளுள் ஒன்று இந்த நிலவறையாகும்.

இனிப்பு தராவிட்டால் குறும்பு செய்வோம் என்னும் பொருளுள்ள டிரிக் ஆர் டிரீட் என்ற முழக்கம் கனடாவின் செய்தித்தாள்களில் 1920-களிலேயே காணப்படுகிறது. 1930-களில் அது அமெரிக்காவிலும் பரவியது. சேதம் செய்யக்கூடிய பிள்ளைகளை விருந்தினராக்கிய ஏற்பாடு இது. அலங்காரம் இங்கு அழைப்பாகச் செயல்பட்டது. விளக்கு எரியும் வீடு பிள்ளைகளை வரவேற்கும் வீடு என்ற வழக்கு ஏற்பட்டது.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1947 வரை அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்ததால் இவ்வழக்கம் தடைப்பட்டது. பங்கீடு நீங்கியதும் புறநகர்க் குடியிருப்புகளில் அது பெருகியது. 1950-இல் பென்சில்வேனியாவில் சில சிறுவர்கள் காலிப் பால் அட்டைப் பெட்டிகளை அலங்கரித்து, இனிப்புக்குப் பதிலாகப் பிற நாட்டுக் குழந்தைகளுக்காகக் காசு திரட்டினர். அதுவே ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்கான ஹாலோவீன் இயக்கமாக வளர்ந்தது.

மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் 1960-களில் உருவாக்கிய ஹவ்டன் வகைப் பரங்கி செதுக்குவதற்கென்றே ஏற்றதாக அமைந்தது. உறுதியான காம்பும் அழகிய செம்மஞ்சள் நிறமும் அதன் சிறப்பு, சுவையோ குறைவு. உணவாக இருந்த காய் அலங்காரப் பொருளாக மாறியதை இது காட்டுகிறது. அதே சமயம், சாலையோரத்தில் பரங்கி விற்பது சிறு விவசாயிகளுக்கு வருவாயாகவும் அமைந்தது.

அந்நியர் தரும் இனிப்பில் நஞ்சும் சவரத் தகடும் இருக்கும் என்ற அச்சம் 1970-களிலும் 1980-களிலும் பரவியது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளை ஆராய்ந்தார். வீடு வீடாகச் சென்று பெற்ற இனிப்பில் அந்நியர் வைத்த நஞ்சால் ஒரு குழந்தை இறந்ததாகவோ கடும் பாதிப்புக்குள்ளானதாகவோ உறுதியான சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அண்டை வீட்டார்மீது இருந்த நம்பிக்கை அக்காலத்தில் தளர்ந்தது.

வணிகப் பெருக்கம்

அமெரிக்கத் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் கணிப்பின்படி, 2023-இல் ஹாலோவீனுக்கான மொத்தச் செலவு 1,220 கோடி டாலர். அதில் அலங்காரத்துக்கு மட்டும் 390 கோடி டாலர். 2020-இல் ஹோம் டிப்போ நிறுவனம் 299 டாலர் விலையில் விற்ற 12 அடி உயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு மிகுந்த வரவேற்பைப் பெற்றது. காற்றடைத்த உருவங்களும் அசையும் பொம்மைகளும் பல வீடுகளின் முற்றத்தை நிறைக்கின்றன.

இதன் விளைவு வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. வசதியுள்ளோர்க்கு இது மகிழ்ச்சி. வரவு குறைந்த குடும்பங்களுக்கோ, பக்கத்து வீட்டுக்கு ஈடாகச் செய்ய இயலவில்லையே என்ற கூச்சம் ஏற்படலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கழிவும் பெருகுகிறது.

குறைந்த செலவில் இன்றைய அலங்காரம்

இச்சூழலில் பலர் பழைய முறைகளுக்குத் திரும்பியுள்ளனர். அவற்றுள் சில வருமாறு:

பரங்கி விளக்கு: காயின் மேற்பகுதிக்குப் பதில் அடிப்பகுதியை வெட்டினால் விளக்கின்மேல் கவிழ்த்து வைப்பது எளிது. உட்சுவரை இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குச் சுரண்டினால் ஒளி நன்கு தெரியும். வெட்டிய ஓரங்களில் வாசலின் தடவினால் வாடுவது தாமதமாகும். விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு செதுக்குவதே நல்லது. தீ ஆபத்தைத் தவிர்க்க, மெழுகுவர்த்திக்குப் பதில் மின்கலத்தில் எரியும் சிறு எல்இடி விளக்கைப் பயன்படுத்தலாம். விதைகளை வறுத்து உண்ணலாம். வெட்டாத காய் சமையலுக்கு ஆகும். செதுக்கி வெளியே வைத்தது உரக்குழிக்கே ஆகும்.

துணிப் பேய்: மெல்லிய வலைத்துணியைக் கஞ்சியில் நனைத்து, ஊதிய பலூன்மேல் போர்த்திக் காயவிட வேண்டும். காய்ந்தபின் பலூனை உடைத்தால் பேய் உருவம் தானே நிற்கும். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை மரக்கிளையில் தொங்கவிட்டாலும் போதும். பேய்க்கு வெள்ளைத் துணி உடையான காரணம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐரோப்பாவில் சவப்பெட்டி வாங்க இயலாத ஏழைகளின் உடல்கள் துணியில் சுற்றியே புதைக்கப்பட்டன. ஏழையின் கோடித்துணியே பேயின் உருவமாக நிலைத்தது.

பால் கலன் விளக்கு: காலியான பிளாஸ்டிக் பால் கலன்களில் கருப்பு மையால் முகம் வரைந்து, உள்ளே சர விளக்கு வைத்து நடைபாதையில் வரிசைப்படுத்தலாம்.

அட்டை உருவங்கள்: முட்டை அட்டையை வெட்டிக் கருப்பு வண்ணம் பூசினால் வௌவால் கிடைக்கும். சன்னலில் கருப்புத் தாள் உருவங்களை ஒட்டி அறைவிளக்கை ஏற்றினால், வெளியிலிருந்து நிழலுருவமாகத் தெரியும்.

செயற்கைச் சிலந்தி வலை மலிவானதுதான். ஆனால் அதைச் செடிகளில் விரித்தால் பறவைகளும் சிறு உயிர்களும் சிக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துவதே முறை.

வாசல் விளக்கின் பொருள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் எழுதப்படாத ஒரு விதி உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் கதவைத் தட்டலாம். எரியாவிட்டால் அவ்வீட்டைக் கடந்து செல்ல வேண்டும். 2014-இல் அமெரிக்காவின் உணவு ஒவ்வாமை அமைப்பு ஒன்று நாடு முழுவதும் பரப்பிய இயக்கம் இவ்விதியின் வளர்ச்சி எனலாம். நீலப்பச்சை வண்ணம் பூசிய ஒரு பரங்கிக்காய் வாசலில் இருந்தால், உணவு ஒவ்வாமையுள்ள குழந்தைக்கும் அங்கே ஒரு சிறு பொம்மையோ எழுதுகோலோ காத்திருக்கிறது என்று பொருள். இதற்கான செலவு ஒரு காயும் சிறிது வண்ணமும் மட்டுமே.

டொனகல் சிற்றூரின் டர்னிப் விளக்கும், 1930-களின் நிலவறைப் பேய் வழியும், இன்றைய நீலப்பச்சைப் பரங்கியும் விலையால் மதிக்கப்பட்டவை அல்ல. முன்பு வேலிக் கதவைக் கழற்றிய பிள்ளை, விளக்கைக் கண்டு வாசலில் வந்து நின்று கை நீட்டினான். அவனுக்குக் கதவு திறக்கப்பட்டது. 12 அடி எலும்புக்கூடு நிற்கும் வீட்டுக்கும், குடைந்த ஒரே ஒரு காய் எரியும் வீட்டுக்கும் பிள்ளைகள் ஒன்றுபோலவே செல்கின்றனர்.